யூரியா பிரஷர் குறைவு: பம்ப்பைக் கழற்றுவதற்கு முன்

டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. வண்டி மேட்டில் இழுக்க மறுக்கிறது. ஸ்கேனரை மாட்டினால் கோளாறு கோட்: எஸ்பிஎன் (எந்த இடம்) 4334, எஃப்எம்ஐ (என்ன வகைக் கோளாறு) 18. சில வண்டிகளில் இதே சங்கதி பி20இ8 என்று வரும். டீசல் புகையைச் சுத்தமாக்கச் சைலன்சர் பைப்பில் யூரியாக் கரைசலைத் தெளிக்கிறார்களே, அந்த யூரியா லைனில் இருக்க வேண்டிய பிரஷர் இல்லை என்பதுதான் இரண்டுக்கும் அர்த்தம். பிரஷர் ஏன் இல்லை என்பதைக் கோட் சொல்லாது. இருந்தும் பட்டறையில் முதலில் ஸ்பேனர் போவது பம்ப் மாட்யூல் பக்கம்தான். இந்த அமைப்பில் விலை கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று. புதுசு மாட்டி, 2 நாள் கழித்து அதே கோடோடு வண்டி திரும்பி வந்து நிற்கும்போது டிரைவர் முகத்தைப் பார்க்க முடியாது. எனக்கு நடந்திருக்கிறது, கீழே சொல்கிறேன்.

நான் பார்த்த வண்டிகளில் நிஜமாகவே பம்ப் செத்துப்போனவை குறைவு. பம்ப்புக்கு வந்து சேர வேண்டிய யூரியா வந்து சேர்ந்திருக்காது. இல்லையென்றால் பம்ப் தள்ளியது வேறு எங்கேயோ வழிந்து போய்க்கொண்டிருக்கும். அதனால் இங்கே டேங்கிலிருந்து தொடங்கி, பம்ப்பைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

ஓட்டம் எப்படி என்று ஒரு பார்வை

டேங்க் அடியில் ஓர் உறிஞ்சு குழாய், அதன் வாயில் சல்லடை. அங்கிருந்து சக்‌ஷன் லைன் பம்ப் மாட்யூலுக்குப் போகிறது. மாட்யூலுக்குள் பம்ப், ஃபில்டர், பிரஷர் சென்சார் மூன்றும் இருக்கும். பல மாடல்களில் ஓட்டத்தின் திசையை மாற்றும் வால்வும் உள்ளேயே உண்டு. அதிலிருந்து பிரஷர் லைன் டோசிங் வால்வுக்கு, அதாவது சைலன்சர் பைப்பில் யூரியாவைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குப் போகிறது. பம்ப் தள்ளுவதில் மிச்சமானது ஓர் ஊசித்துளை வழியாக ரிட்டர்ன் லைனில் இறங்கி டேங்குக்கே திரும்பும். ஆக மொத்தம் மூன்று லைன்: சக்‌ஷன், பிரஷர், ரிட்டர்ன். ரிட்டர்ன் லைன் இல்லாத அமைப்புகளும் உண்டு. உங்கள் வண்டி எந்த வகை என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் பம்ப் லைனில் உள்ள காற்றை வெளியேற்றி, பிரஷரை ஏற்றி, அப்படியே பிடித்து வைக்கும். இதைத்தான் பிரைமிங் என்கிறோம். சைலன்சர் சூடு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வந்த பிறகுதான் தெளிப்பு ஆரம்பிக்கும். சாவியை அணைத்த பிறகும் வேலை முடிவதில்லை. லைனில் நிற்கும் யூரியாவைப் பம்ப் திருப்பி டேங்குக்கு இழுக்கும். அது பர்ஜ். வண்டியை அணைத்து ஒன்றிரண்டு நிமிடம் எங்கேயோ ஒரு ரீங்காரம் கேட்குமே, அதுதான்.

பிரஷர் எத்தனை பார் இருக்க வேண்டும்? கனரக வண்டிகளில் பரவலாக உள்ள பாஷ் டினாக்ஸ்ட்ரானிக் 2.2 அமைப்பில் 9 பார், அதாவது 130 பிஎஸ்ஐ அளவு. சில அமைப்புகள் 5 பாரிலேயே ஓடும். உங்கள் வண்டியின் எண்ணைச் சர்வீஸ் கையேட்டில் பார்த்து, கை எட்டும் இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் ஸ்கேனரை வெறித்துப் பார்ப்பதில் பயனில்லை. காற்றழுத்தத்தோடு கலந்து தெளிக்கும் பழைய அமைப்பு என்றால் இங்கே சொல்வதில் பாதி பொருந்தாது. அதில் காற்று லைனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கருவி எடுக்கும் முன் பத்து நிமிடம்

டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மீட்டர் பாதி காட்டுகிறது என்பதை நம்ப வேண்டாம், கண்ணால் பாருங்கள். திறக்கும்போது 'புஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், நான்காவது அறிகுறியில் உதவும். யூரியா தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும். மஞ்சளாகவோ கலங்கலாகவோ இருந்தால், மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால், மேற்கொண்டு எதையும் ஆராயாமல் ஏழாவது அறிகுறிக்குப் போய்விடுங்கள்.

கொஞ்சம் எடுத்து, கரைசலின் செறிவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். தரமான கரைசலில் யூரியா 32.5 சதவீதம், மீதி அயனி நீக்கிய தண்ணீர். ஐஎஸ்ஓ 22241 தரப்படி 31.8 முதல் 33.2 வரை ஏற்கலாம். இந்தக் கருவி சர்க்கரைத் தண்ணீருக்கும் ஒரு எண் காட்டும். ஆகவே எண் சரியாக இருக்கிறது என்பதால் உள்ளே இருப்பது நல்ல யூரியா என்று முடிவு கட்டிவிட முடியாது. எண் தப்பாக இருந்தால் மட்டும் உறுதியாக நம்பலாம்.

அடுத்து மூன்று லைனையும் டேங்கிலிருந்து டோசிங் வால்வு வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். வெள்ளைப் பொடி, உப்புப் பூத்தது போன்ற தடம் எங்கே இருந்தாலும் அங்கே கசிவு. யூரியா கசிந்தால் தண்ணீர் காய்ந்து உப்பு மட்டும் நிற்கும். மற்ற லீக்குகளைப் போல இதைத் தேடி அலைய வேண்டியதில்லை, தானே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும். லைன் எங்காவது மடிந்திருக்கிறதா, சேஸிஸ் கிளாம்ப்பில் நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அண்மையில் கியர்பாக்ஸையோ டேங்கையோ இறக்கி ஏற்றிய வண்டி என்றால் அந்த இடத்தை இரண்டு முறை பாருங்கள்.

கடைசியாக டிரைவரிடம் கேட்க வேண்டியது: வண்டியை நிறுத்தியதும் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை உடனே அணைக்கும் பழக்கம் உண்டா? யூரியா ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றினார்கள்? இந்த இரண்டு பதிலில் பாதி நோய் தெரிந்துவிடும்.

அறிகுறி 1: பிரஷர் ஏறவே இல்லை

இன்ஜினை ஓடவிட்டு, அல்லது ஸ்கேனரில் பம்ப் சோதனையைக் கட்டளையிட்டு, மாட்யூல் மேல் கை வையுங்கள். அதிர்வு இருக்கிறதா?

அதிர்வே இல்லை என்றால் பம்ப்புக்குக் கரண்ட் வருகிறதா என்பதுதான் கேள்வி. ஃபியூஸ், ரிலே, எர்த், பிறகு கனெக்டர். கனெக்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள். யூரியா வயர் இழைகளுக்கு இடையில் ஊறி ஏறும் குணம் கொண்டது. டேங்க் சென்சாரில் கசிந்தது வயருக்குள்ளேயே பயணம் செய்து அடுத்த கனெக்டரில் பச்சைக் களிம்பாக வெளிவந்ததைப் பார்த்திருக்கிறேன். செம்புக்கும் யூரியாவுக்கும் ஆகாது. பச்சை பிடித்த பின்னைச் சுரண்டி மாட்டினால் ஒரு வாரம் ஓடும், அவ்வளவுதான். நல்ல வயர் வரும் இடம் வரை வெட்டி, புது டெர்மினல் போட வேண்டும். கடுங்குளிர் இடம் என்றால் இன்னொன்று: டேங்க் உருகும் வரை கன்ட்ரோல் யூனிட் பம்ப்பை ஓடவே விடாது. அது பழுது கிடையாது.

பம்ப் ஓடுகிறது, பிரஷர் மட்டும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது என்றால் வாளிச் சோதனை. இதை விரிவாகச் சொல்கிறேன். இந்தக் கோடுக்கு நான் செய்யும் சோதனைகளில் மிகவும் பிரயோஜனமானது இதுதான்.

சுத்தமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சீல் உடைக்காத கேனிலிருந்து 4, 5 லிட்டர் புது யூரியா ஊற்றுங்கள். டப்பாவை அயனி நீக்கிய தண்ணீரில் அலசியிருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு உப்பு, சைலன்சரில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிஸ்டுக்கு விஷம். மாட்யூலின் சக்‌ஷன் கனெக்டரைக் கழற்றி, அதே அளவு கனெக்டர் பொருத்திய தெளிவான பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனையை டப்பா அடிவரை விடுங்கள். டப்பாவை டேங்க் இருக்கும் உயரத்திலேயே வையுங்கள். மேலே தூக்கி வைத்தால் யூரியா தானாக இறங்கி, நோஞ்சான் பம்ப்பையும் நல்ல பம்ப்பாகக் காட்டிவிடும். ரிட்டர்ன் லைனைத் தனியாக ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். இப்போது பம்ப்பை ஓட்டுங்கள்.

டியூபைக் கண்ணால் பாருங்கள். யூரியா விறுவிறுவென ஏறி, பிரஷர் முழு அளவுக்கு வந்து நின்றால் பம்ப் நல்ல பம்ப். கோளாறு டேங்கிலோ சக்‌ஷன் லைனிலோ இருக்கிறது. மாட்யூல் பக்கமே இனி போக வேண்டாம். டேங்க் தலைப்பகுதியைக் கழற்றி உறிஞ்சு குழாயின் சல்லடையைப் பாருங்கள், சக்‌ஷன் லைனில் வெதுவெதுப்பான அயனி நீக்கிய தண்ணீர் விட்டு அடைப்பு உண்டா என்று பாருங்கள்.

யூரியா ஏறாமல் டியூப் முனையில் குமிழி வந்தால், பம்ப் உறிஞ்ச வேண்டிய வழியில் ஊதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். திசை மாற்றும் வால்வு பர்ஜ் நிலையிலேயே சிக்கியிருக்கிறது. அந்த வால்வுக்கான கோட் எஸ்பிஎன் 4376 கூடவே வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த வால்வுக்கு வரும் வயரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

யூரியா பாதி ஏறி நின்றுவிட்டாலோ, அசையவே இல்லை என்றாலோ, மாட்யூலின் சக்‌ஷன் வாய்க்குள் பாருங்கள். சில மாட்யூல்களில் அந்தக் கனெக்டருக்குள்ளேயே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு குட்டிச் சல்லடை உண்டு. பெரிய ஃபில்டரை மாற்றுகிறவர்கள் பலருக்கு அது இருப்பதே தெரியாது. டேங்கிலிருந்து வரும் தூசு, மூடி உரசி விழுந்த பிளாஸ்டிக் துகள், எல்லாம் அதில்தான் குந்திக்கொண்டிருக்கும். அதுவும் சுத்தமாக இருந்தால்தான் பம்ப் மேல் சந்தேகம் எழ வேண்டும்.

அறிகுறி 2: ஏறுகிறது, பாதியில் நின்றுவிடுகிறது

9 வர வேண்டிய இடத்தில் 5, 6 பாரில் நிற்கிறது. அல்லது நிற்கும்போது 9 காட்டிவிட்டு, தெளிப்பு தொடங்கியதும் சரிகிறது. ஸ்கேனரில் பம்ப் டியூட்டி சதவீதம், அதாவது பம்ப் எவ்வளவு உழைக்கிறது என்ற அளவு தெரிந்தால் அதைப் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். பிரஷர் குறைவாக இருந்தும் டியூட்டி உச்சத்தில் இருந்தால் பம்ப் மூச்சு முட்ட உழைக்கிறது. வரத்து போதவில்லை, அல்லது எங்கோ வழிகிறது.

முதலில் ஃபில்டர். மாட்யூலில் பிரஷரை இறக்கிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு மூடியைக் கழற்றுங்கள். வெள்ளையாக இருந்த ஃபில்டர் லேசாகப் பழுப்பேறியிருப்பது சகஜம். கருப்பாகவோ, மணல் போலப் படிந்தோ இருந்தால் டேங்கையும் கழுவ வேண்டும், ஃபில்டரை மட்டும் மாற்றினால் சீக்கிரமே இதே இடத்தில் நிற்பீர்கள். வெள்ளைக் கட்டிகள் இருந்தால் யூரியா உறைந்தோ காய்ந்தோ உப்பாகியிருக்கிறது. பாஷ் மாட்யூலில் ஃபில்டருக்குள் ரப்பர் போன்ற ஒரு துண்டு இருக்கும். யூரியா உறையும்போது ஏறத்தாழ 7 சதவீதம் விரியும், அந்த விரிவுக்கு இடம் கொடுக்கத்தான் அது. பழையதோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, அது இல்லாமலே மூடிவிடாதீர்கள். மூடி பிளாஸ்டிக். கையேட்டில் சொன்ன டார்க்குக்கு மேல் முறுக்கினால் மயிரிழை விரிசல் விடும், பிறகு அதுவே அடுத்த கசிவு.

ஃபில்டர் சரி என்றால் வழிவது எங்கே என்று பாருங்கள். டோசிங் வால்வை சைலன்சர் பைப்பிலிருந்து கழற்றி, யூரியா லைன், வயர் இரண்டையும் கழற்றாமல் அப்படியே விட்டுவிட்டு, முனையை ஒரு கண்ணாடி ஜாருக்குள் நிறுத்துங்கள். கூலன்ட் லைன் போகும் வால்வு என்றால் இன்ஜின் ஆறிய பிறகு கை வையுங்கள். தெளிப்புக் கட்டளை கொடுக்காமல் பம்ப்பை மட்டும் ஓட்டுங்கள். முனை காய்ந்தே இருக்க வேண்டும். சொட்டினால் வால்வு மூடவில்லை, பிரஷர் அந்த வழியாகத்தான் போகிறது. அடுத்து தெளிப்புக் கட்டளை கொடுங்கள். நன்றாகப் பிரிந்த புகைபோன்ற தூவல் வர வேண்டும், ஒரே தாரையாக ஒழுகினால் தப்பு. ஜாரில் சேர்ந்த அளவைக் கையேட்டில் உள்ள மில்லிலிட்டரோடு ஒப்பிடுங்கள். திரும்ப மாட்டும்போது கேஸ்கெட் புதுசாக இருக்கட்டும். பழையது சூட்டில் இறுகியிருக்கும், அந்த இடுக்கில் கசியும் புகையே வால்வைச் சமைத்துவிடும்.

வால்வு முனையில் வெள்ளை உப்பு என்றால் வெதுவெதுப்பான அயனி நீக்கிய தண்ணீரில் ஊறவிட்டால் கரையும். சாம்பல் நிறத்தில் கல் மாதிரி இருப்பது வேறு விஷயம். யூரியா 130 டிகிரிக்கு மேல் சரியாக ஆவியாகாமல் வெந்தால் பையூரெட், சயனூரிக் அமிலம் என்று மாறிவிடும், அது தண்ணீரில் அவ்வளவு எளிதில் கரையாது. அப்படிக் கல் கட்டியிருந்தால் தெளிப்பு சரியில்லாமல் பல நாள் ஓடியிருக்கிறது. பைப்புக்குள்ளும் கேமரா விட்டுப் பாருங்கள். முனைத் துளையை மட்டும் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். ஒரு குத்தில் வால்வு வீண்.

ரிட்டர்ன் பக்கமும் இருக்கிறது. ஊசித்துளை உள்ள அந்தச் சின்னப் பாகம் முந்தைய வேலையில் தொலைந்து போயிருந்தால் பம்ப் தள்ளுவதெல்லாம் தங்குதடையில்லாமல் டேங்குக்கே போகும். வாளிச் சோதனையில் பாட்டிலுக்குள் ரிட்டர்ன் வெள்ளமாகக் கொட்டினால் அங்கே பாருங்கள்.

அறிகுறி 3: எண் ஆடிக்கொண்டே இருக்கிறது

9, 7, 8.5, 6 என்று தாவுகிறது. லைனில் காற்று. பிரஷர் பக்கம் கசிந்தால் வெளியே ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். சக்‌ஷன் பக்கம் ஓட்டை இருந்தால் ஓடும்போது ஒரு சொட்டுக்கூட வெளியே வராது, காற்று உள்ளே போகும். வண்டியை நிறுத்தி எல்லாம் காய்ந்த பிறகு மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தால் உண்டு, இல்லையென்றால் அதுவும் இல்லை.

மாட்யூலுக்குச் சற்று முன்னால் சக்‌ஷன் லைனில் ஒரு சாண் தெளிவான டியூபைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். பிரைமிங்கின் முதல் சில விநாடி குமிழி வருவது இயல்பு. அதன் பிறகும் சரம் சரமாக வந்தால் டேங்குக்கும் டியூபுக்கும் நடுவில்தான் காற்று புகுகிறது. குவிக் கனெக்டர் 'கிளிக்' ஆகாமல் உட்கார்ந்திருப்பது, ஓ-ரிங் வெட்டுப்பட்டிருப்பது, டேங்க் தலைப்பகுதியில் உறிஞ்சு குழாய் சேரும் இடத்தில் விரிசல். இந்த மூன்றைத் தாண்டி நான் அதிகம் தேடியதில்லை. விரிசல் டேங்கில் பாதிக்கு மேல் உயரத்தில் இருந்தால், நிரம்பிய டேங்கில் கோளாறே வராது, பாதி காலியானதும் வரும். டேங்க் நிரப்பினால் சரியாகிவிடுகிறது என்று டிரைவர் சொன்னால் அதைக் கதை என்று தள்ளாதீர்கள்.

அறிகுறி 4: அரை மணி நேரம் ஓடும், பிறகு விழும், நிறுத்தி எடுத்தால் சரி

பம்ப் மாற்றி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது இந்த அறிகுறியில்தான். காலையில் பிரஷர் கச்சிதம். நாற்பது நிமிடம் நெடுஞ்சாலையில் போனதும் கோட். ஓரம் கட்டி டீ குடித்துவிட்டு எடுத்தால் மறுபடி கச்சிதம். சூடேறினால் பம்ப் சோர்ந்துவிடுகிறது என்று நானே தீர்ப்பு எழுதி, பம்ப்பை மாற்றினேன். புதுப் பம்ப்போடும் நாற்பதாவது நிமிடத்தில் அதே கோட்.

கடைசியில் டேங்கை இறக்கிக் கவிழ்த்தபோது, யூரியா கேனின் வாயில் ஒட்டியிருக்குமே வட்டமான அலுமினியத் தாள், அது வெளியே வந்து விழுந்தது. யாரோ கேனைத் திறக்கும்போது கிழித்து உள்ளே போட்டிருக்கிறார்கள். நின்றால் அது டேங்குக்குள் எங்கோ மிதக்கும். ஓட ஓட, உறிஞ்சும் இழுப்பில் மெல்ல வந்து சல்லடை வாயில் அப்பிக்கொள்ளும். வண்டியை அணைத்தால் பர்ஜ் திருப்பித் தள்ள, விலகிப் போய்விடும். நடுவில் வளைந்து, சல்லடையின் அச்சு அப்படியே பதிந்திருந்தது அந்தத் தாளில். வாளிச் சோதனையை நாற்பது நிமிடம் ஓட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இதே அறிகுறி கொடுப்பவை இன்னும் மூன்று உண்டு. டேங்க் காற்றுத்துளை அடைந்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி உறிஞ்ச விடாது. மூடியைத் திறந்தால் 'புஸ்ஸ்' என்றது இதனால்தான். மூடியைத் தளர்த்தி வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தால் உறுதியாகிவிடும். சக்‌ஷன் ஹோஸ் உள்சுவர் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்வது அடுத்தது. வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும். மூன்றாவது, டேங்கைச் சூடாக்கும் கூலன்ட் வால்வு மூடாமல் சிக்கிக்கொள்வது. ஸ்கேனரில் டேங்க் வெப்பநிலையைப் பாருங்கள். வெளியே உள்ள வெப்பத்தைவிட வெகுவாக ஏறி, ஏறிக்கொண்டே போனால் அந்த வால்வுதான். சூடான யூரியாவில் குமிழி கட்டும், அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும்.

அறிகுறி 5: காலையில் மட்டும்

யூரியா மைனஸ் 11 டிகிரியில் உறையும். அந்தக் குளிர் உள்ள இடத்தில் டேங்க் சூடேற்றி, லைன் சூடேற்றி இரண்டையும் பாருங்கள். லைன் ஹீட்டரின் ஓம் அளவைக் கையேட்டோடு ஒப்பிட்டால் போதும்.

குளிரே இல்லாத இடத்தில் காலையில் மட்டும் வருகிறது என்றால் என் முதல் சந்தேகம் கட்-ஆஃப் சுவிட்ச். சாவியைத் திருப்பிய கையோடு பேட்டரியை அணைத்தால் பர்ஜ் நடுவிலேயே செத்துவிடும். லைனிலும் டோசிங் வால்விலும் யூரியா தங்கும். சூடான சைலன்சர் பக்கத்தில் இருக்கும் வால்வில் அது இரவோடு இரவாகக் காய்ந்து உப்பாகும். காலையில் புது யூரியா வந்து கொஞ்சம் கரைக்கும், மீதி தங்கும், மறுநாள் அதன் மேல் இன்னொரு படலம். சுவிட்ச் பக்கத்தில் விளக்கு இருக்கும் வண்டிகளில் அது அணைந்த பிறகு அணைக்கச் சொல்லுங்கள். விளக்கு இல்லாத வண்டியில் ரீங்காரம் நின்ற பிறகு.

அறிகுறி 6: எண்ணே பொய்

எஃப்எம்ஐ 18 வந்தால் பிரஷரைத் தேடுங்கள். எஃப்எம்ஐ 3 அல்லது 4 வந்தால் அது மின்சாரக் கோளாறு, வயரைத் தேடுங்கள். எஃப்எம்ஐ 2 என்றால் சென்சார் சொல்வது நம்பும்படி இல்லை என்று கன்ட்ரோல் யூனிட்டே சொல்கிறது.

சோதனை சுலபம். பர்ஜ் முழுதாக முடிந்து, வண்டி அணைந்து சில மணி நேரம் நின்ற பிறகு, இன்ஜினை எடுக்காமல் சாவியை மட்டும் போடுங்கள். லைனில் ஒன்றுமில்லை, ஆகவே சென்சார் பூஜ்யம் காட்ட வேண்டும். வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துச் சொல்லும் சென்சார் என்றால் கடல்மட்ட ஊரில் 100 கிலோபாஸ்கல், அதாவது 1 பார் காட்டும். மலைமேல் அதைவிடக் குறையும். பக்கத்தில் இருக்கும் வெளிக்காற்று அழுத்த சென்சாரின் எண்ணோடு ஒப்பிட்டால் குழப்பமே இல்லை. ஓய்வில் இருக்கும்போதே எண் விலகியிருந்தால் அந்தச் சென்சார் ஓடும்போது சொல்வதை எப்படி நம்புவது? 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல் மூன்றையும் மீட்டரில் பார்த்துவிட்டுச் சென்சாரை முடிவு செய்யுங்கள். பல மாட்யூல்களில் சென்சார் தனியாகக் கிடைக்காது. அப்படியானால் முழு மாட்யூல்தான், வேறு வழியில்லை.

அறிகுறி 7: யூரியாவில் வேறு ஏதோ கலந்திருக்கிறது

டேங்கில் டீசல் ஊற்றிய வண்டி. யூரியா அடர்த்தி கூடியது, 1.09, டீசல் அதைவிட லேசு, மேலே மிதக்கும். அடியிலிருந்து உறிஞ்சுவதால் டேங்க் வற்றும் வரை கோளாறு வராமலும் போகலாம். டீசல் பட்ட ரப்பர் சீல்கள் ஊதிவிடும், கழுவினால் பழைய அளவுக்கு வராது. தொட்டது வரை எல்லாம் போச்சு: பம்ப் மாட்யூல், லைன், டோசிங் வால்வு. சாவியைப் போடாமலே கண்டுபிடித்திருந்தால் டேங்கைக் கழுவுவதோடு தப்பலாம். வயலுக்குப் போடும் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றியவர்களும் உண்டு. அந்த வண்டியில் பிரஷரைவிடப் பெரிய கவலை கேட்டலிஸ்ட்.

எப்போது பம்ப் மீது பழி போடலாம்

வாளியிலிருந்து புது யூரியா. குட்டிச் சல்லடை சுத்தம். ஃபில்டர் புதுசு. டோசிங் வால்வு சொட்டவில்லை. ரிட்டர்ன் அளவாக வருகிறது. ஓடும்போது பம்ப் கனெக்டரில் முழு வோல்ட் இருக்கிறது. சென்சார் ஓய்வில் சரியான எண் சொல்கிறது. டியூட்டி உச்சத்தில் இருந்தும் பிரஷர் ஏறவில்லை. இத்தனையும் சேர்ந்தால் மாற்றுங்கள், மறுப்பே இல்லை. மாற்றும் அன்றே டேங்கையும் சக்‌ஷன் லைனையும் கழுவிவிடுங்கள். பழைய பம்ப்பைக் கொன்ற குப்பை இன்னும் அங்கேதான் கிடக்கிறது. புது மாட்யூலின் வாய் மூடிகளை லைன் மாட்டும் நொடி வரை கழற்றாதீர்கள்.

வேலை முடிந்த பிறகு

லைன் காலியாக இருப்பதால் முதல் பிரைமிங் தோற்று, கோட் மறுபடி வரலாம். பயந்துவிடாதீர்கள். சாவியை அணைத்து, பர்ஜ் முடியவிட்டு, இரண்டு மூன்று முறை திரும்ப எடுங்கள். கோடை அழித்தாலும் சில வண்டிகள் சக்திக் குறைப்பை, அதாவது இன்ஜின் இழுவையைக் குறைத்து வைப்பதை, உடனே விடாது. அதற்கென்று ஸ்கேனரில் உள்ள எஸ்சிஆர் (யூரியா தெளித்துப் புகையைச் சுத்தமாக்கும் அமைப்பு) சோதனையை முழுதாக ஓட்டி முடிக்க வேண்டும்.

பிறகு லோடோடு, சைலன்சர் சூடேறித் தெளிப்பு தொடங்கும் வரை ஓட்டுங்கள். பட்டறை வாசலில் ஐடிலில் 9 பார் நிற்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. தெளிக்கும்போது எண் எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு சீக்கிரம் மீள்கிறது என்பதைப் பாருங்கள். திரும்பி வந்ததும் அணைத்து, ரீங்காரம் முழுதாக ஓடி நிற்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

கை வைத்த மூட்டுகளையெல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வண்டியை இரவு அப்படியே நிறுத்துங்கள். காலையில் டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள். எந்த மூட்டிலும் வெள்ளை பூக்கவில்லை என்றால் சாவியை டிரைவரிடம் கொடுக்கலாம்.